ஒரு செம்பு தண்ணீர், ஒரு துளி மின்சாரம்

பட்டினப்பாக்கத்தில் அடிபம்பு உள்ள வீட்டாருக்கு ஒரு தத்துவத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டுமானால் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும்!

இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பம்பை அடித்துப் பாருங்கள். கைப்பிடி லொடலொடவென்று ஆடும்; காற்றுதான் வரும். உள்ளே இருக்கும் வாஷர் காய்ந்து கிடக்கிறது. பூமிக்கு அடியில் தண்ணீர் இல்லாமலா போய்விட்டது? இருக்கத்தான் இருக்கிறது. பம்புக்குத்தான் அதைப் பிடித்து இழுக்கத் திராணி இல்லை. மேலே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி நாலு அடி அடித்தால் போதும், குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்துவிடும். அதன் பிறகு குடம் குடமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த முதல் செம்புத் தண்ணீர் வீட்டில் இல்லாவிட்டால்? பூமிக்குள் கடலே இருந்தாலும் பயனில்லை!

இதே சங்கடம் மின்சார விஞ்ஞானிகளையும் வெகு நாளாகப் பிடித்து ஆட்டியது. அவர்கள் இறைக்க நினைத்தது தண்ணீரை அல்ல. வீணாகப் போகிற உஷ்ணத்திலும் காற்றில் மிதக்கிற ரேடியோ அலையிலும் ஒளிந்திருக்கும் துளித் துளி மின்சாரத்தை. அது எங்கும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் கொடுக்கும் யந்திரத்தைத் துவக்கி வைக்கவே கொஞ்சம் மின்சாரம் வேண்டியிருந்தது. அந்த முதல் செம்பை எங்கே தேடுவது? அரிசி வடாம் அளவுகூட இல்லாத ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன கதைதான் இது.

நடமாடும் பவர் ஹவுஸ்

சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் உஷ்ணம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்று ஓயாமல் எரிவதற்குச் சமம்! இதில் ஆயிரத்தில் ஒரு பங்கை, வேண்டாம், லட்சத்தில் ஒரு பங்கைப் பிடித்து மின்சாரமாக்கினால்கூட ஒரு சிறிய வைத்தியக் கருவி ஓடும்.

உஷ்ணத்தை மின்சாரமாக்குவது புது வித்தை அல்ல. 1821-ம் வருஷத்திலேயே தாமஸ் ஜோஹான் ஸீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு வேடிக்கையைக் கண்டார். இரண்டு வெவ்வேறு உலோகத் துண்டுகளை வளையமாகச் சேர்த்து, ஒரு சந்திப்பைச் சுட வைத்து மற்றொன்றைக் குளிர்ச்சியாக வைத்தால், பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது. உஷ்ண வித்தியாசம் மின்சார ஓட்டத்தை உண்டாக்குகிறது என்பது பிறகு விளங்கிற்று.

1950-களில் ரஷ்ய நாட்டில் இதையே வைத்து ஒரு விளக்கைச் செய்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் தலையில் ஒரு கிரீடம் போல உலோகத் தகடுகள். விளக்கு எரிய எரிய மின்சாரம் உண்டாகும். மின்சாரம் போய்ச் சேராத கிராமங்களில் அதைக் கொண்டு ரேடியோ கேட்டார்கள். ஒரே விளக்கில் வெளிச்சமும் பாட்டும்!

இன்று அதே தத்துவத்தில் செய்த 4 சென்டிமீட்டர் சதுர வில்லைகள் ரிச்சி தெரு கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. 'பெல்டியர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சாதாரண வில்லை ஒன்றுக்குள் பிஸ்மத் டெல்லூரைடு என்ற பொருளால் ஆன 127 ஜோடிக் கட்டைகள் வரிசையாகக் கோத்திருக்கும். மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். திருப்பி, இரண்டு பக்கத்துக்கும் உஷ்ண வித்தியாசம் காட்டினால் மின்சாரம் தரும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 50 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு.

சரி, வில்லையைக் கையில் கட்டிக்கொள்ளலாமே? கட்டிக்கொள்ளலாம். இங்கேதான் சென்னைப் பட்டணம் குறுக்கே வந்து நிற்கிறது!

சென்னை வெயிலின் குறும்பு

நம் தோலின் உஷ்ணம் சுமார் 33 டிகிரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குளிரில் வெளிக்காற்று 5 டிகிரி என்றால், வித்தியாசம் தாராளம். சென்னையில் 30 டிகிரிக் காற்றில் நிற்பவருக்கு மிஞ்சுவது 3 டிகிரிதான். அதிலும் பெரும் பங்கு தோலிலும் சுற்றியுள்ள காற்றிலும் கரைந்துபோய், வில்லையின் இரண்டு முகங்களுக்கு இடையே நிற்பது ஒரு டிகிரியில் பாதியோ காலோதான். கணக்குப் போட்டால் கிடைப்பது ஒரு பத்து இருபது மில்லிவோல்ட்!

பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பிற்பகலில் கடற்காற்று வீச ஆரம்பித்ததும் அது வில்லையின் வெளி முகத்தைக் குளிர்விக்கும். மின் அழுத்தம் கொஞ்சம் ஏறும். அதே வில்லையைக் கட்டிக்கொண்டு தியாகராய நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் நுழைந்தால் காற்றும் இல்லை, மின்சாரமும் இல்லை!

கத்திரி வெயில் சமயத்தில் இன்னும் விசேஷம். வெளியே 40 டிகிரி, தோலில் அதைவிடக் குறைவு. அப்போது உஷ்ணம் வெளியிலிருந்து உள்ளே போகப் பார்க்கும். வில்லையில் மின்சாரமும் தலைகீழாக ஓடும். பாட்டரியைத் திருப்பிப் போட்டது போல!

அறுநூறு மில்லிவோல்ட் வாசற்படி

இருபது மில்லிவோல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் சாதாரண சிலிக்கான் டிரான்ஸிஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுமார் 600 மில்லிவோல்ட் கொடுத்தால்தான் அது கதவைத் திறக்கும். அதற்குக் குறைந்தால் ஏறிட்டும் பார்க்காது. நம்மிடம் இருப்பதோ முப்பதில் ஒரு பங்கு.

முப்பது வில்லைகளைக் கோத்துக் கட்டிக்கொள்ளலாம் என்பீர்கள். அப்புறம் கைக்கடிகாரம் போய்க் கைக்கவசம் ஆகிவிடும்! மேலும் வில்லை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. முப்பது வில்லை என்றால் முப்பது தடை.

'ஒரு சின்ன பாட்டரியை வைத்துத் துவக்கிவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டரியே வேண்டாம் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்? கருவியை ஒரு மாதம் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சேமிப்பெல்லாம் கசிந்துபோகும். பிறகு எடுத்துக் கட்டினால், காய்ந்த பம்பு போலத்தான் நிற்கும்.

வாசற்படியின் உயரம்தான் விஷயம் என்பதை நம் ஊர் ரேடியோப் பிரியர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பாட்டரி இல்லாத சங்கீதம்

பட்டினப்பாக்கத்திலிருந்து சாந்தோம் வழியாக வடக்கே போனால், காமராஜர் சாலையில் வானொலி நிலையத்தின் கட்டிடம் வரும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி எழும்பூரில் துவங்கி, 1954-ல் இந்தக் கடற்கரைக்குக் குடிவந்தது. அதற்கும் முன்பே சென்னையில் ரேடியோ ஒலித்தது. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 'மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்' என்ற சங்கத்தை ஆரம்பித்து ஒலிபரப்பு நடத்தினார். பணமுடையால் 1927-ல் அது நின்றது. 1930-ல் நகரசபை அந்தப் பணியைத் தொடர்ந்தது.

அந்தக் காலத்து மலிவான ரேடியோவுக்குக் 'கிரிஸ்டல் செட்' என்று பெயர். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். மாடியில் ஒரு நீளக் கம்பி, ஒரு கம்பிச் சுருள், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, நடுவே ஈயக்கனிமமான கலீனாக் கல் ஒன்று. அந்தக் கல்லின் மேல் 'பூனை மீசை' என்ற மெல்லிய கம்பியை மெதுவாக நகர்த்தி நல்ல இடம் கண்டுபிடித்தால் பாட்டுக் கேட்கும். நிலையத்திலிருந்து வந்த அலையின் சக்தியே காதுக்குள் ஒலியாயிற்று!

அந்தக் கல்லின் குணம் என்ன? மிகமிகச் சிறிய மின் அழுத்தத்துக்கும் அது வழிவிடும். வாசற்படி தாழ்வு. ஆகவே மெலிந்த அலையும் உள்ளே வர முடிந்தது. இத்தகைய கலீனாக் கருவிக்கு 1901-ல் விண்ணப்பம் செய்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ்தான் என்பதை நினைத்தால் பெருமையாக இல்லையா?

போஸ் வாசற்படியைத் தாழ்த்தினார். இக்காலத்தவர் வந்தவரையே தூக்கி உயரமாக்கினார்கள். அதைத்தான் டிரான்ஸ்பார்மர் செய்கிறது.

குட்டி டிரான்ஸ்பார்மர் செய்த தந்திரம்

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கிறது. அதையே திருப்பி வைத்தால் குறைந்ததைக் கூட்டும். ஒரு பக்கம் 1 சுற்று, மறுபக்கம் 100 சுற்று என்ற கணக்கில் கம்பியைச் சுற்றினால், 20 மில்லிவோல்ட் 2 வோல்ட் ஆகிவிடும். வாசற்படியைத் தாண்டியாயிற்று!

ஆனால் இதில் ஒரு முட்டுக்கட்டை. டிரான்ஸ்பார்மருக்கு ஏறி இறங்கும் மின்சாரம் வேண்டும். உஷ்ண வில்லை தருவதோ ஒரே நிலையான ஓட்டம். அதை வெட்டி வெட்டி விட ஒரு 'ஸ்விட்ச்' வேண்டும். ஸ்விட்ச்சாக வேலை செய்ய டிரான்ஸிஸ்டர் வேண்டும். டிரான்ஸிஸ்டரை ஆட்ட 600 மில்லிவோல்ட் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை!

முடிச்சை அவிழ்த்த உபாயம் மிக எளிது. சாதாரண டிரான்ஸிஸ்டர், தட்டினால் திறக்கும் கதவு. அதற்குப் பதிலாக, எப்போதும் திறந்தே இருந்து, இழுத்தால் மட்டும் மூடிக்கொள்ளும் ஒரு ரகத்தைப் போட்டார்கள். வால்வு ரேடியோவை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வால்வின் கிரிட்டில் அழுத்தமே இல்லாவிட்டாலும் ஓட்டம் இருக்கும். அதே சுபாவம்தான் இதற்கும்.

இனி நடப்பதைப் பாருங்கள். வில்லையை இணைத்ததும், திறந்திருக்கும் கதவு வழியே மின்சாரம் முதல் சுருளில் ஓட ஆரம்பிக்கிறது. ஓட்டம் ஏறும்போது 100 சுற்றுள்ள மறு சுருளில் ஒரு அழுத்தம் பிறக்கிறது. அந்த அழுத்தம் திரும்பி வந்து கதவை இன்னும் அகலத் திறக்கிறது. ஓட்டம் மேலும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏற முடிவதில்லை. உடனே மறு சுருளின் அழுத்தம் எதிர்ப்பக்கம் திரும்பிக் கதவை இழுத்து மூடுகிறது. ஓட்டம் இறங்குகிறது, மறுபடி திறக்கிறது. கூடத்து ஊஞ்சலில் லேசாகக் காலை உந்திய குழந்தை, ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உயரம் ஏறுகிறதே, அதுபோல்! இந்த ஊஞ்சல் ஒரு நொடிக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் தடவை ஆடுகிறது.

வெளிவந்ததைத் திருத்தித் திருத்தி ஒரு கண்டென்ஸரில் சேர்த்தால் வேலை முடிந்தது. முதல் செம்பே தேவையில்லாத பம்பு!

எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மாணவர் 1912-ல் வால்வைக் கொண்டு இந்த ஊஞ்சலை ஆட்டிப் பார்த்தார். அந்த வித்தையைச் சில்லுக்குள் அடக்கி, 2010-ஐ ஒட்டி கலிபோர்னியாவின் லீனியர் டெக்னாலஜி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. எல்.டி.சி. 3108 என்று பெயர். 20 மில்லிவோல்ட் கிடைத்தாலே உயிர் பெறும். சில்லு 4 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். கூடவே இருக்கும் டிரான்ஸ்பார்மர் 6 மில்லிமீட்டர் சதுரம். அதன் தம்பி 3109-க்கு இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும், 30 மில்லிவோல்ட் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். நமது கத்திரி வெயிலுக்கென்றே செய்தது போல இல்லையா?

சென்னையில் பிறந்த ஆராய்ச்சியாளர்

இந்தத் துறையில் உலகம் முழுவதும் தெரிந்த ஒரு பெயர் அனந்த சந்திரகாசன். சென்னையில் பிறந்தவர், பள்ளிப் படிப்பின்போதே அமெரிக்கா சென்றவர். பெர்க்லியில் படித்து 1994-ல் டாக்டர் பட்டம் பெற்று, அதே வருஷம் எம்.ஐ.டி.யில் ஆசிரியரானார். 2017-ல் அதன் பொறியியல் பிரிவுக்குத் தலைவரானார். 2025-ல் 'ப்ரோவோஸ்ட்' என்ற உயர்ந்த பதவிக்கு வந்தார்.

2010-ல் அவரும் அவருடைய மாணவர் யோகேஷ் ராமதாஸும் முதல் செம்புக்கு வேறொரு வழி காட்டினார்கள். டிரான்ஸ்பார்மரே இல்லை. அணிந்திருப்பவர் நடக்கும்போது உடம்பு அசைகிறது அல்லவா? அந்த அசைவில் தானே ஒட்டிப் பிரியும் ஒரு நுண்ணிய ஸ்விட்ச். 35 மில்லிவோல்ட் போதும், நாலு அடி நடந்தால் கருவி விழித்துக்கொள்ளும்!

2012-ல் நடந்தது இன்னும் அற்புதம். நம் உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் இயற்கையே ஒரு பாட்டரியை வைத்திருக்கிறது. 70 முதல் 100 மில்லிவோல்ட். நாம் கேட்பதற்கு அந்த அழுத்தம் தேவை. எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும், கான்ஸ்டன்டினா ஸ்டான்கோவிக் என்ற காது வைத்திய நிபுணரும் சேர்ந்து, ஒரு கினிப் பன்றியின் காதிலிருந்து அந்த மின்சாரத்தை எடுத்தார்கள். எவ்வளவு? ஒரு நானோவாட்டுக்குச் சற்று மேல்! வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைத் துளித்துளியாகச் சேமித்து, ஒரு சில்லு ஐந்து மணி நேரம் வரை காதின் நிலையை ரேடியோ மூலம் தெரிவித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சில்லை எப்படித் துவக்கினார்கள் தெரியுமா? வெளியிலிருந்து ஒரே ஒரு முறை ரேடியோ அலையைச் செலுத்தினார்கள். அதுதான் அங்கே முதல் செம்பு. பிறகு காதே அதை நடத்தியது.

உண்டியல் கணக்கு

டிரான்ஸ்பார்மர் மந்திரவாதி அல்ல. மின் அழுத்தத்தை நூறு மடங்கு கூட்டினால், ஓட்டத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். கொடுத்ததற்கு மேல் ஒரு துளி தராது; மாறாக, நூறு மடங்கு தூக்கும்போது பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். வெயில் படும் இடமானால் சூரியத் தகடே மேல். வெயில் எட்டாத உடம்புக்குள்ளும், யந்திரத்தின் மூலையிலும், இருட்டறைக் குழாயிலும்தான் இதற்கு மதிப்பு.

பின் எப்படிப் பயன்படுகிறது? உண்டியல் முறையில். நிகரமாக 50 மைக்ரோவாட் கிடைக்கிறது என்று வையுங்கள். பத்து நிமிஷம் சேர்த்தால் 30 மில்லிஜூல். ஒரு சின்ன ரேடியோவுக்கு 30 மில்லிவாட் வேண்டும் என்றால், ஒரு முழு நொடி பேசலாம். நோயாளியின் நாடித்துடிப்பையோ குழாயின் உஷ்ணத்தையோ சொல்ல ஒரு நொடியில் சிறு பங்கே போதும். சொல்லிவிட்டு மறுபடி பத்து நிமிஷம் தூக்கம்.

'ஒரு பாட்டரி மாற்றுவது அத்தனை பெரிய காரியமா?' என்று கேட்கலாம். சுவர்க் கடிகாரத்துக்கு இல்லைதான். இருதயத்தைத் தட்டிக் கொடுக்கும் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவரைக் கேளுங்கள். அதன் பாட்டரி தீர ஏழெட்டு வருஷமோ பத்து வருஷமோ ஆகும். தீர்ந்தால் மறுபடி மார்பைக் கீறித்தான் மாற்ற வேண்டும். வயதான ஒருவருக்கு அந்த ஒரு கீறலை மிச்சம் பிடிக்க முடியுமானால், அது சின்னக் காரியமா?

வீட்டில் செய்து பார்க்க

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த ஊஞ்சலைத் தாங்களே ஆட்டிப் பார்க்கலாம். இதற்கு 'ஜூல் திருடன்' என்று வேடிக்கைப் பெயர். 1999-ல் ஓர் ஆங்கில மின்னணுப் பத்திரிகையில் வெளிவந்த யோசனை இது.

வேண்டியவை: ஒரு ஃபெர்ரைட் வளையம், எனாமல் பூசிய மெல்லிய தாமிரக் கம்பி, பி.சி. 547 டிரான்ஸிஸ்டர் ஒன்று, 1,000 ஓம் தடை ஒன்று, வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று; கடிகாரத்திலிருந்து தூக்கி எறிந்த பழைய பாட்டரி ஒன்று.

இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து வளையத்தில் இருபது சுற்றுச் சுற்றுங்கள். முனைகளின் எனாமலைச் சுரண்டிவிடுங்கள். ஒரு கம்பியின் முடிவையும் மற்றதன் ஆரம்பத்தையும் சேர்த்துப் பாட்டரியின் கூட்டல் முனையில் இணையுங்கள். மிஞ்சிய இரண்டு முனைகளில் ஒன்று தடை வழியாக டிரான்ஸிஸ்டரின் பேஸுக்கு, மற்றது கலெக்டருக்கு. எமிட்டர் பாட்டரியின் கழித்தல் முனைக்கு. விளக்கின் நீளக் காலைக் கலெக்டரிலும், குட்டைக் காலை எமிட்டரிலும் வையுங்கள்.

வெள்ளை விளக்குக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். 'செத்துப்போன' பாட்டரியிலோ ஒரு வோல்ட் கூட இருக்காது. ஆனாலும் விளக்கு பளிச்சென்று எரியும்! எரியாவிட்டால் ஒரு சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் உந்தியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

பாட்டரி 600 மில்லிவோல்ட்டை நெருங்கும்போது இந்தத் திருடனாலும் புதிதாகத் துவங்க முடியாது. சிலிக்கானின் வாசற்படி அங்கே இருக்கிறது. பாட்டரி அந்த இடத்துக்கு வந்து விளக்கு அணைகிற மாலையில், பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: அதற்கும் முப்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு விளக்கேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் பாதியில் துவங்க ஒரு வழியை நம் சென்னையில் ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், இந்த ஊர் வெயிலில்கூடக் கைக்கடிகாரம் உடம்புச் சூட்டில் ஓடும்.